பிறந்த ஊருக்கான கட்டம்

கூடத்தில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்று கல்கத்தாவுக்கு, மற்றது யாழ்ப்பாணத்துக்கு. 1931ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி வாரம். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தச் சின்னக் கூடத்தில் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஆள் நடக்க ஒரு முழம் இடம்தான் மிச்சம்.

கல்கத்தாப் பெட்டிக்காரன் விநாயகமூர்த்தி. வயது இருபத்துநான்கு. ரசாயனத்தில் எம்.எஸ்சி. முதலாண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். ஜூலை முதல் வாரம் திரும்பிப் போய் இரண்டாம் ஆண்டைத் தொடங்க வேண்டும். யாழ்ப்பாணப் பெட்டி அவன் அக்கா மீனலோசனியுடையது. அவளுக்கு ஆறாம் மாதம், தலைப்பிரசவம். கணவன் பக்கத்து நகரமான கிள்ளானில் பொதுவேலை இலாகாவில் கட்டடப் படம் வரைபவர். அவரை அங்கே விட்டுவிட்டு, தாய் சின்னத்தங்கத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டு வரப் போகிறாள்.

இதை யாரும் பெரிய பயணமாக நினைக்கவில்லை. மலாயாவுக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் தலைப்பிள்ளைக்குக் கடல் தாண்டுவது மழைக்குக் குடை விரிப்பது போல. சின்னத்தங்கமும் அப்படித்தான் போனாள். இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு முறை போனாள். மூத்தவளைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டாவதாக விநாயகமூர்த்தியைப் பெற்று, ஐந்தாம் மாதம் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கினாள். அதன்பிறகு அவன் யாழ்ப்பாணத்தைப் பார்த்தது ஒரே ஒருமுறை, ஒன்பது வயதில். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது என்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் நினைவில்லை.

அன்று காலை தபால்காரன் ஒரு நீள உறையைக் கொடுத்துவிட்டுப் போனான். ஈயச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்த ஒரு சீனத் தவுக்கே முதலாளி, இந்த நாட்டுப் பிள்ளைகள் மேற்படிப்புப் படிக்கட்டும் என்று இறக்கும்போது ஒரு நிதியை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த நிதியில்தான் விநாயகமூர்த்தி படித்துக்கொண்டிருந்தான். கடிதம் அதன் காரியதரிசியிடமிருந்து வந்திருந்தது. பத்து வரிதான். ஈயத்தின் விலை விழுந்துவிட்டதால் நிதி சுருங்கிவிட்டது. இந்த ஆண்டு முதல் ஐக்கிய மலாய் நாடுகளில் பிறந்தவர்களுக்கு மட்டுமே உதவி. பிறப்புக்கான அத்தாட்சியை ஜூன் பதினைந்துக்குள் அனுப்புக.

விநாயகமூர்த்தி அதை நின்றபடியே இரண்டு முறை படித்தான். பிறகு கல்கத்தாப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். இந்த வெக்கையில் ரப்பர்ப் பால் கெட்டுப்போகாமல் வைத்திருப்பது எப்படி என்பதே அவன் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோரம் அவனுக்கு ஒரு மேசை. அதில் அவன் கையால் பெயரெழுதி ஒட்டிய நாற்பத்தொரு புட்டிகள். இன்னும் ஒரே ஆண்டு. முடித்துவிட்டு வந்தால் ரப்பர் ஆராய்ச்சியில் ஒரு ரசாயனி வேலை. பதினாறு வயதிலிருந்து அவன் வேறு எதையும் யோசித்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த தகப்பன் சிவசம்பு கடிதத்தைத் தூரப் பிடித்துப் படித்தார். முப்பது வருஷம் ரயில்வேயில் குமாஸ்தா. ஆட்குறைப்பில் அவர் பெயரும் இருந்தது. டிசம்பரோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டை நான் படிப்பிக்கிறேன் என்று சொல்ல அவரால் முடியாது. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"இவன் இஞ்சை வளர்ந்த பிள்ளைதானே?" என்றாள் சின்னத்தங்கம்.

"வளர்ந்ததைக் கேக்கேல்லை. பிறந்ததைக் கேக்கினம்" என்றார் சிவசம்பு.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு வந்துவிட்டார். நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டில் எந்தக் காகிதம் சிக்கினாலும் சிக்கெடுக்க வந்துவிடுவார்.

"இதுக்கே இடிஞ்சுபோய் இருக்கிறியள்?" என்றார் உட்காரும்போதே. "இஞ்சை வீட்டிலை பிறந்த பிள்ளையளிலை பாதிக்குப் பதிவே இல்லை. பிறப்புத் துண்டு இல்லாட்டிச் சத்தியக் கடதாசி. பெத்த தாய் மாஜிஸ்திரேட்டுக்கு முன்னாலை நிண்டு, பிள்ளை பிரிக்பீல்ட்ஸிலை பிறந்தது எண்டு சொன்னாச் சரி. ரெண்டாவது சாட்சி நான். பிறகு பள்ளிக்கூடத்திலையிருந்து ஒரு அத்தாட்சி. அவ்வளவுதான்."

"பொய்ச் சத்தியமோ அண்ணை?" என்றார் சிவசம்பு.

"பொய்யென்ன? அஞ்சு மாசம்தானே வித்தியாசம்!"

மீனலோசனி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. கார்த்திகேசு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "யோசியுங்கோ, ஆனா கனக்க யோசியாதையுங்கோ. பதினைஞ்சாந் திகதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் சின்னத்தங்கம் தினமும் போகும் கந்தசாமி கோயிலுக்குப் போகவில்லை. நான்காம் நாள் அரிசி புடைத்துக்கொண்டே, மகனைப் பார்க்காமல் சொன்னாள்: "கோயிலிலை கேட்டா உண்மையைத்தான் சொல்லுவன். கோட்டிலை கேட்டா நீங்கள் சொல்லச் சொல்லுறதைச் சொல்லுறன். ஆனா ஒருக்காத்தான் சொல்லுவன். திருப்பித் திருப்பிக் கேக்கப்படாது."

அது சம்மதம்தான். விநாயகமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு தான் படித்த பள்ளிக்கு நடந்தான்.

பள்ளிக் காரியாலயத்தில் ஜெயராஜ் இருந்தான். இருவரும் ஒரே வகுப்பில் ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஜெயராஜ் படிப்பை அத்தோடு நிறுத்தி அதே பள்ளியில் குமாஸ்தாவாக, ஊர்ப்பேச்சில் கிராணியாக, ஆகிவிட்டான்.

"டேய் மூர்த்தி! கல்கத்தாக்காரரு வந்துட்டாரு பாரு. என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? பரீட்சையில கோட்டை விட்டியா?"

விஷயத்தைக் கேட்டதும் ஜெயராஜ் கேலியை நிறுத்தினான். அலமாரியின் அடித்தட்டிலிருந்து 1914ஆம் ஆண்டின் சேர்க்கைப் பேரேட்டை எடுத்துத் தூசு தட்டி விரித்தான். அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனிடமே பேரேட்டைத் தள்ளி அவர் கையாலேயே ஒரு வரி எழுதி ஒப்பமிடச் சொல்வது வழக்கம். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தொழில், பிறந்த நாள், பிறந்த ஊர்.

ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள். ஏழாவது வரி சிவசம்புவுடையது. அச்சடித்தாற்போன்ற ஆங்கில எழுத்து. தலையெழுத்துகளுக்கு ஒரு வளைவு, கடைசியில் ஒரு சுழி. பிறந்த ஊர் என்ற கட்டத்தில், மற்றக் கட்டங்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தார்: வட்டுக்கோட்டை மேற்கு, யாழ்ப்பாணம்.

விநாயகமூர்த்தி மேலும் கீழும் பார்த்தான். கரவெட்டி. மானிப்பாய். அளவெட்டி. மறுபடி மானிப்பாய். பன்னிரண்டில் ஏழு பேர் கடலுக்கு அப்பால் பிறந்தவர்கள். ஏழு தகப்பன்மாரும் அதை அழுத்தி, அழகாக எழுதியிருந்தார்கள். அப்போது அதை எழுதாமல் விட யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தான் என்றால் ரயில்வே கூப்பிட்டு வேலை கொடுத்த காலம்.

"இத அப்படியே காப்பி எடுத்துக் குடுத்தா உனக்குப் பிரயோஜனம் இல்ல" என்றான் ஜெயராஜ். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "பழைய பேரேடு. மை கொட்டுறது சகஜம்லா. கரையான் அரிச்சதே எத்தனையோ இருக்கு. 'படிக்க முடியவில்லை'ன்னு நான் எழுதிக் குடுக்குறேன். அப்புறம் உங்கம்மா சத்தியம் பண்ணா முடிஞ்சுது."

மைக்கூட்டைத் திறந்து ஏழாவது வரிக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விநாயகமூர்த்தி ஏழாவது வரிக்கு மேலும் கீழும் விரலை ஓட்டினான். மை கொட்டினால் ஏழாவது வரியோடு நிற்காது. ஆறும் எட்டும் போகும். எட்டாவது வரி கார்த்திகேசுவின் மகன். அதைவிட, அதன்பிறகு அம்மா ஒரு கூண்டில் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காரியதரிசிக்குச் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்பார்கள். திருப்பிக் கேட்கக் கூடாது என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். கல்கத்தாவிலும் ஒவ்வொரு நாளும் நாற்பத்தொரு புட்டிக்கும் நடுவே இருந்துகொண்டு, எப்போது கேட்பார்களோ என்று காத்திருக்க வேண்டும். யோசிக்கவே களைப்பாக இருந்தது.

மைக்கூட்டை மூடினான்.

"என்னடா?" என்றான் ஜெயராஜ் திரும்பி.

"ஐயாவின்ரை எழுத்து நல்ல வடிவாயிருக்கு. இருக்கட்டும்."

"உனக்குப் பைத்தியம்" என்றான் ஜெயராஜ். ஆனால் பேரேட்டை மூடும்போது மெதுவாகத்தான் மூடினான்.

வீட்டுக்கு வந்து, பேரேட்டில் இருந்ததைத் தகப்பனிடம் சொன்னான்.

"நானே எழுதினனான்?" என்றார் சிவசம்பு. "வட்டுக்கோட்டை எண்டோ?"

"வட்டுக்கோட்டை மேற்கு எண்டு."

சிவசம்பு கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு எழுந்து குளிக்கப் போய்விட்டார். மைக்கூட்டுக் கதையை விநாயகமூர்த்தி அவரிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னான். மீனலோசனி தன் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்த சேலையை மடியில் போட்டபடி கேட்டாள்.

ஜூன் பதினைந்து வந்தது, போனது. அத்தாட்சி எதையும் அவர்கள் அனுப்பவில்லை.

வேலை தேட வேண்டும். ஆனால் ஊரே வேலை தேடிக்கொண்டிருந்தது. ரப்பர் விலை அடிமட்டத்தில் கிடந்தது. தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்திவிட்டு ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஒரு காரியாலயத்துக்கு மனு கொடுக்கப் போனவன், அந்தக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டான். தகரப்பெட்டி, பாய்ச்சுருள், கோழிக்கூடு, குழந்தை எல்லாவற்றையும் தலையிலும் இடுப்பிலும் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பலுக்காக வெயிலில் நின்றார்கள். ஒரு பெண் இவன் கைக்காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சீட்டு நம்பருக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். இவனைக் கப்பல் குமாஸ்தா என்று நினைத்துவிட்டாள். அவள் சீட்டை வாங்கிப் படித்து, வரிசையைக் காட்டினான். பிறகு அடுத்தவர் நீட்டினார். அதற்கடுத்தவர். மூன்று மணி வரைக்கும் சீட்டுப் படித்துக்கொடுத்துக்கொண்டே நின்றான். தன் மனுவைக் கொடுக்கப் போனபோது காரியாலயத்தைச் சாத்திவிட்டார்கள்.

ரப்பர் வாங்க ஆளில்லாத ஊரில் ரப்பர் ரசாயனி எதற்கு? அதை அவனிடம் யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. பதினோரு மனுக்கள் போட்டான். ஒன்பதுக்குப் பதிலே இல்லை. ஒன்றுக்கு நன்றி. பதினோராவது, கிள்ளானில் தற்காலிகப் பால் பரிசோதகர் வேலை. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று ஊரில் முறைப்பாடு அதிகம். பால்மானியைப் பிடிக்கவும் அறிக்கை எழுதவும் தெரிந்த ஒருவன் வேண்டும். ரசாயனம் படித்திருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. எவ்வளவு ரசாயனம் என்று போடவில்லை.

அத்தான் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு கிள்ளானில் தங்கினான். விடிய ஐந்தரைக்குப் பாலத்து முனையில் நிற்க வேண்டும். சைக்கிளின் இரண்டு பக்கமும் பால்கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர்களை நிறுத்தி, ஒரு குவளை பால் வாங்கி, பால்மானியை மிதக்கவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். முதல்நாள் நிறுத்தியது பக்கிரிசாமி என்ற பால்காரரை. ஏழு மாடு வைத்திருப்பவர், வாயும் ஏழாளுக்கு உண்டு.

"வாங்க சார், புதுசா? போன ஆளு சீக்கிரம் முடிச்சிருவாரு. நல்லா பாருங்க. என் மாட்டுக்குத் தண்ணியே காட்டுறதில்ல."

எண் சரியாகவே இருந்தது. ஆனால் பால் நீலம் பாரித்திருந்தது. விநாயகமூர்த்தி குனிந்து முகர்ந்தான். முதலில் ஆடையை எடுத்துவிட்டால் பால் கனக்கும். பிறகு தண்ணீர் விட்டால் கனம் பழையபடி இறங்கும். பால்மானி ஏமாந்துபோகும். அழகான கணக்கு. எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒரு மனிதர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். கல்கத்தாவை விட்டு வந்தபிறகு முதல்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றி மூடினான்.

"அது என்னா சார்?"

"நாளைக்குக் காலமை இதிலை எவ்வளவு ஆடை மேலை வருதெண்டு பாப்பம்."

பக்கிரிசாமி குழாயைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "சார் எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. பாதி."

"பாதிக்கே இப்படியா? முழுசாப் படிச்சிருந்தா நான் பால் விக்கிறத வுட்டுட்டு மாட்டையே வித்திருக்கணும்லா!"

பின்னால் நின்ற பால்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பக்கிரிசாமியின் பால் வெள்ளையாக வந்தது. ஒரு மாதம் அப்படியே வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி நீலம் பாரித்தது. விநாயகமூர்த்தி மறுபடி குழாயை எடுத்தான். வேலை அப்படித்தான். முடிவே இல்லாத வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, ஜூலை நடுவில், கல்கத்தாவிலிருந்து ஒரு கார்டு வந்தது. நீங்கள் வருகிறீர்களா, ஜன்னலோர மேசையை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். பிறகு, கொடுக்கலாம், புட்டிகளைக் கழுவிவிடுங்கள் என்று எழுதிப் போட்டான்.

அதே வாரம் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தான். அக்காவும் அம்மாவும் திங்களன்று பினாங்குக்கு ரயிலேற வேண்டும். கூடத்துக்குள் நுழையும்போதே சண்டை கேட்டது. மீனலோசனி தன் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போகேல்லை அம்மா."

"என்னடி விளையாட்டு? தலைப்பிள்ளையைத் தாய்வீட்டிலை பெறாமல்?"

"தாய் எங்கை இருக்கிறியள்? இஞ்சைதானே? அப்ப இதுதான் தாய்வீடு."

"ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"ஊர்ச்சனம் வந்து கப்பலிலை எனக்குப் பக்கத்திலையிருந்து சத்தி எடுக்குதோ? போனமுறை கொழும்பு வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த வயித்தோடை ஏலாது."

சின்னத்தங்கம் உதவிக்குக் கணவனைப் பார்த்தாள். சிவசம்பு பத்திரிகையை இறக்காமலே, "கப்பல்காரனுக்குக் கடிதம் எழுதிறன்" என்றார்.

மீனலோசனி தம்பியின் பக்கம் திரும்பவில்லை. கப்பல் குமட்டலைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விநாயகமூர்த்தியும் கேட்கவில்லை. காலியான டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில், தன் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளினான்.

செப்டம்பரில் அந்தக் குவார்ட்டர்ஸிலேயே ஆண்பிள்ளை பிறந்தது. நல்லைநாதன் என்று பெயர் வைத்தார்கள். பிறப்பைப் பதிய மாமன்தான் போனான். அரைநாள் வரிசையில் நின்று ஒரு துண்டுக் காகிதத்தை வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தான். அவள் அதைச் சாதகத்தோடு சேர்த்துச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

தற்காலிகம் என்று சேர்ந்த வேலையை யாரும் நிரந்தரமாக்கவில்லை, நிறுத்தவுமில்லை. மூன்றாம் வருஷம் ரப்பர் விலை ஏறியது. ஆனால் புதிதாகப் படித்து வந்தவர்கள் இருந்தார்கள், முழு எம்.எஸ்சி.காரர்கள். விநாயகமூர்த்தி இரண்டு மனுப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். பாலோடு கள்ளையும் நெய்யையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். கலியாணம் நடந்தது. முன்னுச்சி வழுக்கை விழுந்தது. விடியற்காலைப் பனியில் நின்று நின்று முழங்காலில் ஒரு வலி வந்து தங்கியது. கிள்ளானில் பால்காரர்கள் அவனை 'குழாய் சார்' என்றார்கள்.

1939 ஜனவரியில், குவார்ட்டர்ஸை விட்டபின் தாத்தா வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தங்கிப் படிக்க நல்லைநாதன் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான். பள்ளியில் சேர்க்க மாமனும் தாத்தாவும் கூட்டிப் போனார்கள். காரியாலயத்தில் ஜெயராஜ் தலைமைக் கிராணியாகி, தொந்தியும் வைத்திருந்தான். பேரேட்டை விரித்து முன்னால் தள்ளினான்.

"எழுதுங்க ஐயா. உங்க எழுத்துக்காகத்தான் இந்தப் பக்கத்தையே காலியா வச்சிருக்கேன்."

சிவசம்பு பேனாவை வாங்கினார். பிள்ளையின் பெயரை எழுதினார், தகப்பனின் பெயர், தொழில், பிறந்த நாள். அடுத்த கட்டத்துக்கு மேல் பேனா நின்றது.

"தம்பி, நீ எழுது."

"உங்கடை எழுத்துத்தான் வடிவு ஐயா. நீங்களே எழுதுங்கோ."

சிவசம்பு எழுதினார். கோலாலம்பூர். தலையெழுத்துக்கு அதே வளைவு, கடைசியில் அதே சுழி. ஆனால் சின்னதாக, கட்டத்துக்குள் அடங்கி இருந்தது.

"இந்தத் தடவை மைக்கூட்டத் திறந்து வைக்க வேணாம்தானே?" என்றான் ஜெயராஜ். சிவசம்புவுக்குப் புரியவில்லை. விநாயகமூர்த்தி சிரித்தான்.

ஈரம் காயப் பேரேட்டைத் திறந்தே வைத்தார்கள். இந்தப் பிள்ளை வளர்ந்து ஏதோ ஒரு வாசலில் போய் நிற்கும்போது எந்தக் கட்டத்தைப் பார்த்து என்ன கேட்பார்களோ, அது யாருக்குத் தெரியும்? விநாயகமூர்த்தி மணியைப் பார்த்தான். நேற்று ஊற்றி வைத்த எட்டுக் குழாய்களின் ஆடைக் கோட்டை மத்தியானத்துக்குள் குறித்தாக வேண்டும். மருமகனின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, கிள்ளான் ரயிலைப் பிடிக்க நடந்தான்.